சீரத்தில் முளைத்தது

இரண்டு குழாயையும் இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு எமல்டா கையுறையை உரித்துப் போட்டாள். இனி சாயந்தரம் வரைக்கும் கைக்கு வேலை இல்லை. கைக்கு வேலை இல்லாவிட்டால் மனசு சும்மா கிடக்குமா, அது பாட்டுக்கு எதையாவது இழுத்துப் போட்டுக் கிண்ட ஆரம்பித்துவிடும், அதற்குப் பயந்துதான் அவள் நவம்பர் இரண்டாம் தேதி என்றால் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே டியூட்டி வாங்கிக்கொள்வது. தூத்துக்குடியில் பாதி ஊர் மெழுகுவர்த்தியும் செவ்வந்தி மாலையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற நாள். போகட்டும், ஆஸ்பத்திரி லேபுக்கும் ஒரு ஆள் வேண்டுமே. அதிலும் பூஞ்சைப் பிரிவுக்கு. பிரிவு என்றால் ஏதோ பெரிதாக நினைத்துவிட வேண்டாம், ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு இன்குபேட்டர், டெக்னீஷியன் எமல்டா, அவ்வளவுதான் பிரிவு. யாருடைய ரத்தத்திலாவது ஈஸ்ட் கிளம்பினால் அது எந்த வகை என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பழைய சோதனை. மனித ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் கொஞ்சம் கலந்து உடம்புச் சூட்டில் வைத்தால், சந்தேகப்பட்ட வகையாக இருந்தால் முளை விடும், ஊறவைத்த பாசிப்பயறு மாதிரி. சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, கட்டாயம் முளைக்கும் என்று தெரிந்த ஒன்றையும் கூடவே வைக்க வேண்டும். அதற்குக் கண்ட்ரோல் என்று பேர். ஆறு வருஷமாக இந்த லேபின் கண்ட்ரோல் நாற்பத்தேழாம் நம்பர்தான். இன்று அதன் பக்கத்தில் புதிதாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அரசாங்கச் சேமிப்பு நிலையத்திலிருந்து சான்றிதழோடு வந்தது. அடுத்த வாரம் ஆய்வுக்கு வருகிறார்கள், ஊர் பேர் தெரியாத எதையும் லேபில் வைத்திருக்கக் கூடாது, புதியது முளைத்துவிட்டால் பழையதை இன்றைக்கே ஆட்டோகிளேவில் போட்டு அவித்துவிடுங்கள் என்று காலையில் டாக்டர் வள்ளிநாயகம் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன். பிந்தி வந்தவர். நாற்பத்தேழு என்பது எமல்டாவின் மகள் ரோஷ்லினுடைய ரத்தத்தில் கிளம்பிய பூஞ்சை, அவளைக் கொன்ற பூஞ்சை என்று அவருக்கு யார் சொல்லப் போகிறார்கள். சரி சார் என்று மட்டும் சொன்னாள். அவர் போன பிறகு அலமாரியைத் திறந்து, நாற்பத்தேழின் சேமிப்புக் குப்பியை எடுத்து, வெள்ளைக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டாள். இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது, தொடையில் இடித்துக்கொண்டு.

அது எங்கிருந்தோ பறந்து வந்த பேய் ஒன்றும் இல்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும், தெரிந்து என்ன பிரயோஜனம். எல்லார் வாயிலும் இருக்கிறது, குடலில் இருக்கிறது, அக்குளில் தலைப்பொடுகில் கால்விரல் இடுக்கில் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு கூட்டம், தெருவுக்குத் தெரு ஆட்கள் குடியிருப்பது போல. வைக்கோலைத் தின்கிற மாட்டுக்கு அதைச் செரிக்க வைப்பதிலும் பூஞ்சைக்குப் பங்கு உண்டாம். ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் ஷெட்டை ஒட்டி நிற்கிற கொய்யாமரத்து இலையெல்லாம் கரிப்பூஞ்சை, அது கண்ணுக்குத் தெரிகிறது, தெரியாதது இலைக்கு உள்ளே இருக்கிறது என்று வள்ளிநாயகம் ஒரு நாள் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தபோது அவளும் ஸ்லைடு கழுவிக்கொண்டே கேட்டிருக்கிறாள். பச்சை இலைக்குள் ஒரு தொந்தரவும் இல்லாமல் குடியிருக்குமாம், இலை உதிர்ந்ததும் முதல் ஆளாகச் சாப்பிட உட்காருமாம். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். எமல்டாவுக்கு ஸ்லைடு கைதவறி உடைந்தது. பிள்ளைக்கு முதல் பூஞ்சை தாயிடமிருந்துதான் போகிறது, பிறக்கிற வழியிலேயே ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் முத்தம் கொடுக்கிறோம், சோற்றை வாயில் மசித்து ஊட்டுகிறோம், மிச்சமும் போய்ச் சேருகிறது. ரோஷ்லின் பிறந்து ஒரு மாசம்கூட ஆகாதபோது நாக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பால் சரியாகத் துடைக்கவில்லை என்று மாமியார் சடைத்துக்கொண்டாள், டாக்டர் ஊதா மருந்து எழுதிக் கொடுத்தார், பஞ்சில் தொட்டு வாய்க்குள் தடவியதும் பிள்ளைக்கு உதடு, நாடி, கைவிரல் எல்லாம் ஊதா, எமல்டாவின் மார்பும் ஊதா, புருஷன் கஸ்பார் கடலிலிருந்து வந்து பார்த்துவிட்டு நாவல்பழம் தின்ற மாதிரியல்லவா இருக்கிறாள் என்று சிரித்த சிரிப்பு. நாலு நாளில் போய்விட்டது. போய்விட்டது என்று நினைத்தோம். போகவில்லை, உள்ளே போய் இருந்துகொண்டது, பத்தொன்பது வருஷம் ஒரு பேச்சு இல்லை. அவள் பள்ளிக்கூடம் போனாள், நகம் கடித்தாள், திட்டு வாங்கினாள், மாவுச் சட்டியில் விரலை விட்டுப் புளிச்ச மாவை நக்கினாள், காலேஜில் சேர்ந்தாள், அதுவும் கூடவே போய் வந்தது. ரத்தத்தில் புற்று வந்து, புற்றைக் கொல்லக் கொடுத்த மருந்தில் உடம்பின் காவலெல்லாம் விழுந்த வாரத்தில்தான் அது குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வந்தது. அது நான் கொடுத்ததுதானா. ஆஸ்பத்திரியில் ஒட்டியதாகவும் இருக்கலாம், ஊசிக் குழாய் வழியாக ஏறியதாகவும் இருக்கலாம், யார் கண்டது. கொடுத்ததுதானா என்று எமல்டா ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒப்பிட்டுப் பார்க்க இன்றைக்கு மெஷின் இருக்கிறது. தன் வாயில் ஒரு பஞ்சை விட்டு எடுத்தால் போதும். எடுத்ததில்லை. பல் தேய்க்கும்போது நாக்கை வழிப்பதுகூட அவளுக்குப் பயமாக இருக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் காலையைத்தான் பொறுக்க முடியவில்லை. முந்தின ராத்திரி கஸ்பார் வார்டில் துணைக்கு இருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள், எமல்டா ஒரு ராத்திரியாவது தூங்கட்டும் என்று மனுஷன் போன் பண்ணவில்லை. அன்புதான், அதற்கு என்ன செய்ய. மறுநாள் காலை, வார்டுக்குப் போவதற்கு முன்னால் லேபில் ஒரு எட்டுப் பார்த்துவிடுவோம் என்று வந்தாள், யாருடைய ரத்தத்திலோ ஏதோ வளர்கிறது என்று மெஷினில் ஒரு பாட்டிலின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, வேலைக்காரக் கை பழக்கத்தில் ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் தேய்த்துச் சாயம் போட்டது. ஊதாச் சாயம். பிள்ளைக்கு வாயில் தடவினார்களே, கிட்டத்தட்ட அதே சாயம்தான். கண்ணை வைத்துப் பார்த்தால், அடடா, என்ன சுத்தமான ஸ்லைடு. ஒரு அழுக்கு இல்லை, ஒரு மங்கல் இல்லை, ஊதா ஊதாவாக முட்டை வடிவ செல்கள், ஒவ்வொன்றின் தோளிலும் ஒரு குட்டி மொட்டு, சில இடங்களில் மொட்டுக்கு மொட்டு தொடுத்து நீளச் சரம். எமல்டாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த கோமதியைக் கூப்பிட்டாள். "இங்க வா புள்ள, வந்து பாரு. புஸ்தகத்துலகூட இப்படி வராது. இத எடுத்து வைப்போம், பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்க ஆகும்" என்றாள். கோமதியும் பார்த்தாள். அதற்கப்புறம்தான் பாட்டிலைத் திருப்பிப் பேரைப் பார்த்தது. க. ரோஷ்லின், பெண், பத்தொன்பது. எத்தனையோ பேருக்கு மாதிரிக் குப்பியைத் திருப்பிப் பேர் பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறாள். மொட்டு விட்டது என் பிள்ளையின் ரத்தத்தில், நான் அழகாக இருக்கிறது என்றேன். இந்த ஒரு இடத்துக்கு வந்ததும் நினைப்பு அப்படியே நின்றுவிடும், பிறகு முதலிலிருந்து தொடங்கும், பாட்டிலின் விளக்கு, ஒரு சொட்டு, சாயம், அடடா. எந்த மருந்துக்கும் கட்டுப்படும் பூஞ்சை என்று ரிப்போர்ட் வந்தது, அதையும் அவள்தான் தட்டச்சு செய்தாள். மருந்துக்குப் பூஞ்சை கட்டுப்பட்டது, பிள்ளைதான் பிழைக்கவில்லை. ஒன்பதாம் நாளில் எல்லாம் முடிந்தது.

முடிந்து ஒரு மாசம் கழித்து வேலைக்கு வந்தபோது அது உயிரோடு இருந்தது. அதுதான் விசேஷம். சின்னக் குப்பியில் காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் துளி ஈஸ்ட், மூடிமேல் மெழுகு, இப்படி வைத்தால் சோறு தண்ணி கேட்காமல் வருஷக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். கோமதி எடுத்து வைத்திருந்தாள், சொன்னபடி. நாற்பத்தேழு என்று எழுதி வரிசையில் வைத்திருந்தாள், எமல்டா அதை எடுத்துத் தொட்டியில் கவிழ்க்கத்தான் போனாள், தொட்டி வரைக்கும் போய்விட்டாள். கை வரவில்லை. இது ரோஷ்லினுக்குள்ளே இருந்தது, அவளுடைய சூட்டில் இருந்தது, அவள் மூச்சு நின்ற பிறகும் நிற்காமல் இருக்கிறது, வீட்டில் அவள் சுடிதார்கூட வாசனை போய்விட்டது, சீப்பிலிருந்த முடியைக்கூட யாரோ சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துப் போட்டுவிட்டார்கள், அவளைத் தொட்டதில் உயிரோடு மிஞ்சியது இது ஒன்றுதான். அப்போதிருந்த கண்ட்ரோல் அந்தச் சமயம் பார்த்துச் சொதப்பிக்கொண்டிருந்தது. நாற்பத்தேழைப் போட்டுப் பார்ப்போம் என்றாள். போட்டார்கள், முளைத்தது. சீரத்துக்கு ரத்தம் யாருடையது என்ற பேச்சு வந்தபோது எமல்டா சட்டைக் கையை ஏற்றிவிட்டு நீட்டினாள். அன்றிலிருந்து மாசாமாசம் கோமதி ஊசி போட்டு எடுப்பாள், உறையவிட்டு, மெஷினில் சுற்றி, மேலே தெளிகிற இளமஞ்சள் நீரைப் பிரித்துக் குட்டிக் குட்டிக் குழாயில் ஊற்றி வைப்பாள். எமல்டாக்கா ரத்தம் ராசியான ரத்தம், ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை என்று லேபில் பேச்சு. ஆமாம், ராசிதான். ஊரில் யார் ரத்தத்தில் ஈஸ்ட் கிளம்பினாலும் அதன் பக்கத்தில் நாற்பத்தேழும் உட்கார்ந்திருக்கும், எமல்டாவின் சீரத்தைக் குடித்து முளை விட்டிருக்கும், அவள் கண்ணை வைத்துப் பார்ப்பாள். வெறுப்பாகவும் இருக்கும். உன்னை நசுக்க வேண்டும், நெருப்பில் போட வேண்டும் என்று பல்லைக் கடித்திருக்கிறாள், அடுத்த நிமிஷமே சூடு சரியாக இருக்கிறதா என்று தெர்மாமீட்டரைப் பார்த்திருக்கிறாள். பைத்தியக்காரத்தனம் என்று தெரியாமல் இல்லை. எத்தனையோ ஆயிரம் தலைமுறை பெருகிவிட்டது, இதில் ரோஷ்லின் தின்ற சோற்றின் அணு ஒன்றுகூட மிச்சம் இருக்காது, எல்லாம் கடையில் வாங்கிய குளுக்கோஸ், கூடவே எமல்டாவின் சொந்த ரத்தம். கணக்குப் பார்த்தால் இது அவளுடைய பிள்ளையிடமிருந்து வந்ததை விட அவளிடமிருந்து வந்ததுதான் அதிகம். ஆனாலும் அவள் கணக்குப் பார்க்கவில்லை, குப்பியைத்தான் பார்த்தாள்.

போன் அடித்தது. கஸ்பார். வருஷா வருஷம் இந்த நாளில் ஒரு தடவை கூப்பிடுவார், ஒன்றும் கேட்க மாட்டார், நடப்பைச் சொல்லுவார். காலையிலேயே போய்ச் சுரண்டியாச்சு, போன மழையில் சிமெண்டெல்லாம் கருப்பாகப் பூசணம் ஏறிக்கிடந்தது, பிரஷ் வைத்துத் தேய்த்தால்தான் போகிறது, சுண்ணாம்பு ஒரு பூச்சு பூசினேன், தூறல் விழுந்து காயமாட்டேன் என்கிறது, சாமியார் அஞ்சு மணிக்குத் தீர்த்தம் தெளித்துக் கல்லறை மந்திரிக்க வருகிறார் என்றார். கல்லறையில்கூடப் பூசணமா என்று எமல்டாவுக்குத் தோன்றியது. சாப்பிட்டீங்களா என்றாள். சாப்பிட்டேன் என்றார். பொய், விடிந்ததிலிருந்து பட்டினியாகத்தான் இருப்பார், இந்த நாளில் அவர் அப்படித்தான். போட் என்ஜினை அக்கு அக்காகப் பிரித்து மாட்டுகிற கை, அந்தப் பெரிய கையில் சின்ன பிரஷைப் பிடித்துக்கொண்டு எழுத்துக்குள் போன கருப்பைச் சுரண்டிக்கொண்டிருப்பார். ஆறு வருஷமாகத் தனியாக. நீயும் வாயேன் என்று முதல் வருஷம் ஒரு தடவை கேட்டார், டியூட்டி என்றாள், அதற்கப்புறம் கேட்கவில்லை. பிள்ளை மண்ணுக்குள் இருக்கிறாள் என்று அவர் நம்புகிறார், அவள் லேபில் இருக்கிறாள் என்று எமல்டா நம்புகிறாள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே வீட்டில் ஒரே சட்டியில் சோறு வடிகிறது. போனுக்குள் மழை விழுகிற சத்தம் கேட்டது. "வச்சிருதேன்" என்றார்.

கோட்டுப் பையிலிருந்த குப்பியை அவள் துணிமேலேயே தடவிப் பார்த்தாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன. ஃபிரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பின்னால் வைத்தால் கஸ்பார் கண்ணில் படாது. பட்டால்தான் என்ன, என்ன என்று கேட்பார், என்னவென்று சொல்வது. அப்புறம் முளைக்க வைக்க அங்கே இன்குபேட்டர் கிடையாது, பார்க்க மைக்ராஸ்கோப் கிடையாது, கிடந்தால் கிடக்கட்டும், தண்ணீரில் உறங்கட்டும், நான் போகிற வரைக்கும் இருக்கும், எனக்கு அப்புறம் யாராவது என்னமோ ஊறுகாய்த் தண்ணி என்று கவிழ்ப்பார்கள். அந்த நினைப்பு வந்ததும் பையைக் கையால் பொத்திக்கொண்டாள். இன்குபேட்டரின் மணி அடித்தது. எழுந்தாள், கையுறை மாட்டினாள், இரண்டு குழாயிலிருந்தும் ஆளுக்கு ஒரு சொட்டு, இரண்டு ஸ்லைடு, இரண்டு கண்ணாடித் தகடு. பழையதை முதலில் பார்த்தாள். முளைத்திருந்தது, எப்போதும் போல, ஒவ்வொரு உருண்டையிலிருந்தும் குழாய் போல ஒரு நீள முளை, அடியில் ஒடுங்காமல், நேராக. நல்ல பிள்ளை என்று வழக்கமாக வாய்க்குள் சொல்லுவாள், இன்றும் வந்துவிட்டது. பிறகு புதியதைப் பார்த்தாள். ஸ்லைடை மாற்றி வைத்துவிட்டோமோ என்று ஓரத்தில் எழுதியிருந்ததை இன்னொரு தடவை பார்த்தாள். மாற்றவில்லை. அதுவும் முளைத்திருந்தது. அதே நீளம், அதே நேர், அதே சுத்தம். எந்த ஊரிலோ, எந்தக் காலத்திலோ யார் உடம்பிலிருந்தோ எடுத்தது, இன்று காலையில் பார்சலில் வந்து இறங்கியது, எமல்டாவின் ரத்தத்தைக் குடித்துவிட்டு ஆறு வருஷம் வளர்ந்தது போலவே முளைத்து நிற்கிறது. யார் பிள்ளை என்று சீரம் கேட்கவில்லை. யார் தாய் என்று அதுவும் கேட்கவில்லை. அவள் பழையதை மறுபடி வைத்தாள், புதியதை வைத்தாள், பழையதை வைத்தாள், எதிலாவது ஒரு வித்தியாசம், ஒரு அடையாளம், ஒரு சாடை. ஒன்றும் இல்லை. நாற்பத்தேழுக்கு ரோஷ்லினைத் தெரியாது. அவள் நகம் கடித்தது தெரியாது, சிரித்தால் மூக்கு சுருங்குவது தெரியாது, கடைசியில் தண்ணி தண்ணி என்று கேட்டது தெரியாது. அவளுக்குள்ளே இருந்தது, பசித்தது, தின்றது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எமல்டா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அழுதாள். கண்ணாடி மங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, கோமதி வந்து பக்கத்தில் நின்றாள். ஸ்டாண்டிலிருந்த குழாய்களை எடுத்து ஆட்டோகிளேவ் பையில் போட்டாள், நாற்பத்தேழு வளர்ந்த தட்டுகளைப் போட்டாள், பையின் வாயைக் கட்டாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எமல்டாவின் கோட்டுப் பையைப் பார்த்தாள், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "அக்கா, நான் வேணும்னா போடுதேன். நீங்க அந்தால போய் இருங்க" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை, எமல்டா நிமிர்ந்து பார்த்ததே போதுமாக இருந்தது. "அன்னைக்கே தெரியும்கா. பாட்டில்ல இருந்த பேர நானுந்தான பாத்தேன்" என்றாள். ஆறு வருஷம், மாசாமாசம் அவள் நரம்பைத் தட்டி ரத்தம் எடுத்தவள், ராசியான ரத்தம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள், ஒரு வார்த்தை கேட்டதில்லை. எமல்டாவுக்கு அவள்மேல் கோபம் வந்தது, கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. குப்பியை எடுத்து, கொஞ்சம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அடியில் மாவு மாதிரிப் படிந்து கிடந்ததைக் கலக்காமல் மெதுவாகக் கோமதி பிடித்திருந்த பைக்குள் வைத்தாள். கோமதி பையைக் கட்டினாள். ஆட்டோகிளேவின் மூடியை எமல்டாதான் இறக்கித் திருகினாள், கோமதி மறுபக்கத்துத் திருகைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது, முள் ஏறியது, ஆவி சீறியது. இனி அதில் உயிர் இல்லை என்று எந்த நொடியில் சொல்வது என்று தெரியாமல் எமல்டா முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்து கஸ்பாருக்குப் போன் போட்டாள். அவர் உடனே எடுத்தார். பின்னால் ஜெபமாலை சொல்லுகிற சத்தம், குடைகளில் மழை விழுகிற சத்தம். நான் வாரேன் என்றாள். இப்பவா என்றார். ஆட்டோ பிடித்து வாரேன், சாமியாரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்றாள். கல்லறைத் தோட்டத்தின் பெரிய கேட் அவளுக்குத் தெரியும், கேட்டுக்குள் நுழைந்தால் நடுவில் ஒரு சிலுவை, அங்கிருந்து நாலு பக்கமும் பாதை பிரியும், அதுவரைக்கும் தெரியும். அடக்கத்தன்று அவள் கோயிலிலேயே மயங்கி விழுந்துவிட்டாள், அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"ஏங்க" என்றாள். "நம்ம பிள்ள எந்தப் பக்கம் இருக்கா?"